கவுன்சிலரிடம் எதைக் கேட்பது, செயல் அலுவலரிடம் எதைக் கேட்பது?

எங்கள் ஊர் ஒரு பேரூராட்சி. தெருமுனையில் வடிகால் சிலாப் உடைந்து, பள்ளிக்கூடம் போன ஒரு பையனின் கால் உள்ளே போய்விட்டது. அன்று மாலையே வார்டு கவுன்சிலர் அக்காவைப் போய்ப் பார்த்தேன். "ஈ.ஓ. கிட்ட சொல்லிட்டேன் தம்பி, கையெழுத்து அவர்தான் போடணும்" என்றார். அந்த ஈ.ஓ., அதாவது பேரூராட்சி அலுவலகத்தை நடத்தும் செயல் அலுவலரோ, "மன்றத் தீர்மானம் இல்லாம நான் செலவு பண்ண முடியாது சார்" என்றார். மன்றம் என்பது கவுன்சிலர்கள் எல்லாரும் கூடும் சபை. மூன்று மாதம் இப்படியே அலைந்தேன். இருவருமே தட்டிக்கழிக்கிறார்கள் என்றுதான் நினைத்தேன்.

ஒருநாள் அக்கா வீட்டுத் திண்ணையில் மாதக் கூட்டத்து அஜெண்டா கிடந்தது. எடுத்துப் புரட்டினேன். ஒவ்வொரு வேலைக்கும் மதிப்பீட்டுத் தொகை, அதன் கீழே "மன்றத்தின் அனுமதிக்கு" என்று ஒரு வரி. எங்கள் வடிகால் அதில் இல்லவே இல்லை. எஸ்டிமேட் போட்டால்தானே வரும்! அதைப் போட வேண்டியது அலுவலகம். செலவுக்கு அனுமதி தருவது மன்றம். அப்புறம் டெண்டர், வேலை உத்தரவு, பில் எல்லாம் மறுபடி அலுவலகம். இருவரும் சொன்னது உண்மைதான். எங்கே தொடங்க வேண்டும் என்பதைத்தான் யாரும் சொல்லவில்லை.

எஸ்டிமேட் கேட்டுச் செயல் அலுவலருக்கு ஒரு மனு, அதைக் கூட்டத்தில் வைக்கச் சொல்லிக் கவுன்சிலருக்கு ஒரு மனு கொடுத்தேன். இரண்டாவது கூட்டத்தில் தீர்மானம் ஆனது.

உள்ளாட்சித் தேர்தல் நடக்காததால் 2016 அக்டோபர் முதல் 2022 மார்ச் வரை மன்றமே கிடையாது. மன்றத்தின் இடத்தில் செயல் அலுவலரே தனி அலுவலர். செலவை அனுமதிப்பவரும் செய்பவரும் அவரே. அப்போது வேலை சீக்கிரம் நடந்தது என்று சிலர் சொல்கிறார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. எங்கள் தெருவை ஏன் விட்டீர்கள் என்று கூட்டத்தில் எழுந்து கேட்க அந்த ஐந்தரை வருஷமும் ஆளே இல்லையே.

பதில்:

எங்களுடையது கிராம ஊராட்சி, அங்கே கதை வேறு. 1994 தமிழ்நாடு ஊராட்சிகள் சட்டப்படி தலைவரே மன்றத்துக்கும் தலைவர், நிர்வாகமும் அவர் கையில்தான். ஆனால் பணம் எடுக்கத் துணைத்தலைவரும் கையெழுத்துப் போட வேண்டும். எங்கள் ஊரில் இருவருக்கும் பேச்சுவார்த்தை இல்லை. தெருவிளக்கு பில் இரண்டு மாதம் அப்படியே கிடந்தது, கடைக்காரர் புது பல்பு தர மறுத்துவிட்டார். ஆகஸ்ட் 15 கிராமசபையில் பெண்கள் எழுந்து, "பில்லை ஏன் நிறுத்தி வெச்சிருக்கீங்க, காரணம் சொல்லுங்க" என்று துணைத்தலைவரை நேராகவே கேட்டார்கள். அந்த வாரமே கையெழுத்துப் போட்டுவிட்டார்.