கரியில் நேந்திரம்பழம் சுட்டவர்கள் யாராவது இருக்கிறீர்களா?

எல்லாருக்கும் வணக்கம். ஊர் காரைக்குடிப் பக்கம். நைஜீரியாவில் உள்ள லாகோஸில் வேலை பார்த்துவிட்டு வந்த மச்சான், அங்கே தெருவோரத்தில் வாழையைக் கரியில் சுட்டு நிலக்கடலையோடு விற்பார்கள், பெயர் 'போலி' என்றார். (நம் போளி இல்லை!) ஆசை வந்துவிட்டது.

அப்பத்தாவின் கும்முட்டி அடுப்பை வளவில் வைத்து, சீமைக்கருவேலங்கரி போட்டுப் பற்றவைத்தேன். தோல் நன்றாகக் கறுத்த நேந்திரம்பழம் நான்கு. உரித்து அப்படியே கம்பிவலையில் வைத்தேன். இரண்டு நிமிஷத்தில் வெளியே கரிக்கட்டை. புரட்டப் போனால் பாதி வலையோடு ஒட்டிக்கொண்டது, மீதி தணலில் விழுந்து புஸ்ஸென்றது. பிட்டுப் பார்த்தால் நடுத்தண்டு சூடுகூட ஏறவில்லை. அப்பத்தா, "அவிச்சுத் தின்னா ஆகாதா?" என்று கேட்டுவிட்டுப் போய்விட்டார்.

பழுக்கப் பழுக்க மாவெல்லாம் சர்க்கரையாகிவிடும், அதனால்தான் சட்டென்று தீய்கிறது என்று நினைக்கிறேன். அப்படியானால் மஞ்சளில் லேசாகக் கரும்புள்ளி விழுந்த பதமே போதுமா? தோலோடு சுட்டுக் கடைசியில் உரிப்பதா? கரி சாம்பல் பூத்த பிறகு எவ்வளவு உயரத்தில் வலை வைப்பீர்கள்? நெய் தடவலாமா, சொட்டினால் தீ எழும்புமா?

ஞாயிற்றுக்கிழமை மச்சான் வீட்டார் வருகிறார்கள். அதற்குள் சொன்னால் புண்ணியமாகப் போகும்.