மறு: கேரியேஜ் – 'குடியேற்றம்' வேண்டாமே

நண்பர்களுக்கு வணக்கம். நோயில்லாதவரின் உடலில் கிருமி இருப்பதை ஆங்கிலத்தில் 'கேரியேஜ்' (carriage) என்கிறார்களே, அதற்குத் தமிழில் 'நோய்க்காவுகை', 'குடியேற்றம்' என்ற சொற்கள் வந்திருப்பதைப் பற்றி எழுதுகிறேன்.

'நோய்க்காவுகை' நல்ல சொல்தான். ஆனால் இலங்கையில் படித்தவர்களுக்குக் காவி என்றதும் நோயைச் சுமந்து திரியும் நுளம்பு (கொசு) ஞாபகம் வரும். கொண்டுபோய்ச் சேர்ப்பது அங்கே முதலில் நிற்கிறது. நமக்கு வேண்டியது, ஓடியாடித் திரியும் பிள்ளையின் தொண்டையில் நியூமோகொக்கசு என்ற நியூமோனியாப் பற்றீரியா பேசாமல் கிடக்கிறதே, அதற்கான சொல்.

சும்மா கிடக்கும் கிருமியையும் நோய் தந்த கிருமியையும் குழப்பினால், நோய்க்கு நாம் சொல்லும் காரணமே மாறிவிடும். கடும் நியூமோனியா வந்த சின்னப் பிள்ளையின் நுரையீரலிலிருந்து நேரே மாதிரி எடுப்பது அரிது. பெரும்பாலும் மூக்கிலும் தொண்டையிலும் துடைத்தெடுத்ததை வைத்துத்தான் ஊகிக்க வேண்டும். 7 நாடுகளில் நடந்து 2019இல் லான்செட்டில் வெளியான பேர்ச் ஆய்வு, அதனால்தான் நியூமோனியா இல்லாத பிள்ளைகளையும் சோதித்தது. பார்த்தால் அவர்களிடமும் கிருமிகள் தாராளம். மூச்சுப்பாதையைத் தாக்கும் ஆர்.எஸ்.வி. வைரசுதான் நோயாளிகள் பக்கம் மிகத் தெளிவாகச் சாய்ந்தது. இதையெல்லாம் கணக்கில் எடுத்தபின், எச்.ஐ.வி. இல்லாத, எக்ஸ்ரேயில் நியூமோனியா தெரிந்த பிள்ளைகளில் வைரசின் பங்கு ஏறக்குறைய 61 சதவீதம், பற்றீரியாவின் பங்கு 27. ஆர்.எஸ்.வி. மட்டுமே 31.

'குடியேற்றம்' எனக்கு ஒப்பவில்லை. இலங்கையின் 1948 குடியுரிமைச் சட்டத்தால் நாடற்றவர்களான மலையகத் தோட்டத் தமிழரின் பேத்தியிடம் போய், "உன் பிள்ளையின் தொண்டையில் குடியேற்றம் நடந்திருக்கிறது" என்று எந்த வாயால் சொல்வது?

முதலில் 'தங்கல்' என்றுதான் எழுதி வைத்திருந்தேன். ஹட்டன் பக்கத்துத் தோட்டமொன்றில் பிள்ளை மடுவத்தில் (குழந்தைகள் காப்பகத்தில்) வேலை செய்யும் அக்காவிடம் சொல்லிப் பார்த்தேன். "சளி தங்கிட்டா அது வருத்தம்தானே தம்பி?" என்றார். வருத்தம் என்றால் அங்கே நோய். சரிதான், போச்சு. அப்புறம் விளக்கத் தொடங்கினேன்: கிருமி இருக்கும், ஆனால் அந்த நேரம் ஒன்றும் செய்யாது, சிலநாள் இருந்துவிட்டுப் போகவும் போகும். "மழைக்கு ஒண்டுற மாதிரியா?" என்று கேட்டார்.

அதையே எடுத்துக்கொள்ளலாம் என்கிறேன்: ஒண்டல். நியூமோகொக்கசு ஒண்டல், ஒண்டல் வீதம், ஒண்டுகிருமி என்று நீட்டவும் வருகிறது. ஒண்டியிருந்தது சில வேளை உள்ளே இறங்கி நோயாவதும் உண்டு. அப்போது அது தொற்று, ஒண்டல் அல்ல. 'ஒண்டி' என்றால் தனி ஆள் என்ற பொருளும் இருக்கிறதே என்பீர்கள். வினையாக ஆளும்போது அந்தக் குழப்பம் வராது.

கிருமிக்கு இடம் கொடுத்திருக்கும் பிள்ளையை என்னவென்பது என்பதில்தான் முட்டி நிற்கிறேன். 'ஒண்டவிட்டவர்' என்றேன், அக்கா சிரித்துவிட்டார். உங்களுக்கு ஏதாவது தோன்றினால் எழுதுங்கள்.