4கே படம் திணறுகிறது: எச்110 மதர்போர்டுக்கு எந்தப் புராசசர் பொருந்தும்?

திண்ணைவாசி:
அனைவருக்கும் வணக்கம். வரவேற்பறையில் படம் பார்ப்பதற்கென்றே 2016இல் ஒரு சிறிய கணினியைப் பூட்டி வைத்தேன். இன்டெல் பென்டியம் ஜி4400 புராசசர், எச்110 மதர்போர்டு, 4 ஜிபி டிடிஆர்4 ரேம், விண்டோஸ் 10, படம் ஓட்டுவதற்குக் கோடி (Kodi) என்ற பிளேயர் நிரல். தனி கிராபிக்ஸ் கார்டு கிடையாது. இத்தனை ஆண்டுகளாக ஒரு குறையும் இல்லை. சென்ற மாதம் 43 அங்குல 4கே தொலைக்காட்சி வாங்கிய பிறகுதான் தொல்லை தொடங்கியது. சில 4கே கோப்புகளை ஓட்டினால், வசனம் காதில் விழுந்து நெடுநேரம் கழித்தே உதடு அசைகிறது. பத்து நிமிடத்தில் புராசசர் விசிறி மிக்சி ஓடுவதுபோல் இரைகிறது. அதே கோப்பைப் பென்டிரைவில் ஏற்றித் தொலைக்காட்சியிலேயே ஓட்டினால் படம் சீராக வருகிறது. ஆனால் தமிழ் வசன வரிகளில் கொம்பும் காலும் எழுத்தை விட்டு விலகி நிற்பதால் அம்மாவால் படிக்க முடிவதில்லை. பழைய ஐ5-6500 ஒன்று கையில் இருப்பதாகவும், நான்கு கோர் என்பதால் படம் பறக்கும் என்றும் கடைக்காரர் சொல்கிறார். வாங்கலாமா?

பச்சைப்பலகை:
அவசரப்பட்டுப் பணம் கொடுத்துவிடாதீர்கள். முதலில், படம் ஓடிக்கொண்டிருக்கும்போது கோடியில் ஆங்கில ‘ஓ’ விசையை அழுத்தினால் மேலே சில விவரங்கள் தோன்றும். அதில் டீகோடர் (சுருக்கிய படத்தை விரிப்பது) என்ற வரியின் முடிவில் எச்.டபிள்யூ., அதாவது வன்பொருள், என்று இருக்கிறதா, எஸ்.டபிள்யூ., அதாவது மென்பொருள், என்று இருக்கிறதா என்று பாருங்கள். அடுத்து, மீடியாஇன்ஃபோ நிரலில் அந்தக் கோப்பைத் திறந்து, வீடியோ எந்தச் சுருக்க வகை, ஒவ்வொரு நிறத்துக்கும் எத்தனை பிட் என்பதையும் எழுதுங்கள்.

திண்ணைவாசி:
பார்த்தேன். திணறும் கோப்பு எச்இவிசி, மெயின் 10, அதாவது 10 பிட். டீகோடர் வரியில் எஸ்.டபிள்யூ. என்றே காட்டுகிறது, இரண்டு கோர்களும் நூறு விழுக்காட்டில் நிற்கின்றன. வேறொரு 4கே கோப்பு 8 பிட், அதற்கு எச்.டபிள்யூ. என்று வருகிறது, விசிறிச் சத்தமே இல்லாமல் ஓடுகிறது. இரண்டும் 4கேதானே, ஏன் இந்த வேறுபாடு?

பச்சைப்பலகை:
விடை நீங்கள் எழுதியதிலேயே இருக்கிறது. படத்தை விரித்துக் காட்டும் வேலையைப் புராசசருக்குள் இருக்கும் கிராபிக்ஸ் பகுதியில் அதற்கென்றே அமைந்த ஒரு சுற்று செய்கிறது. உங்களுடையது 2015இல் வந்த ஸ்கைலேக் தலைமுறை. அதன் சுற்று எச்இவிசி 8 பிட்டை முழுமையாகக் கையாளும், 10 பிட்டை அப்படிக் கையாளாது. அதனால் அந்தச் சுமை முழுவதும் கோர்களின் தலையில் விழுகிறது. கடைக்காரர் சொல்லும் ஐ5-6500 இரட்டிப்புக் கோர் கொண்டதுதான், ஆனால் அதுவும் அதே ஸ்கைலேக். நோயை அப்படியே வைத்துக்கொண்டு தாங்கும் உடம்பை மட்டும் பெரிதாக்குவது போன்றது அது. சில கோப்புகள் தப்பிப் பிழைத்து ஓடலாம், சூடும் இரைச்சலும் போகமாட்டா.

உங்களுக்குத் தேவை, 10 பிட்டையும் அந்தச் சுற்றிலேயே கையாளும் அடுத்த தலைமுறையான கேபி லேக். 2017 தொடக்கத்தில் வந்த பென்டியம் ஜி4560 போதும்: இரண்டு கோர், நான்கு திரெட் (ஒரே நேரத்தில் நான்கு வேலைவரிசை), உங்கள் ஜி4400ஐப் போலவே 54 வாட் என்பதால் இப்போதுள்ள விசிறியையே மாட்டலாம். ஐ3-7100 மலிவாகக் கிடைத்தால் அதுவும் சரி. ஐ3-8100 மட்டும் வேண்டவே வேண்டாம். புராசசரைப் பொருத்தும் சாக்கெட்டின் பெயர் அதே 1151 என்றாலும் அது 300 வரிசை மதர்போர்டில்தான் இயங்கும். புதிய புராசசரை மதர்போர்டு அடையாளம் காண, பழைய புராசசர் உள்ளே இருக்கும்போதே பயாஸை (மதர்போர்டின் தொடக்க நிரல்) புதுப்பித்துவிடுங்கள், அந்த நேரத்தில் மின்சாரம் போகாதபடி யூபிஎஸ்ஸில் இணைத்துக்கொள்ளுங்கள்.

கம்பிவடம்:
இடையில் புகுவதற்கு மன்னிக்கவும். செலவு செய்வதென்று ஆகிவிட்டால், ஐ3-12100 புராசசரும் எச்610 மதர்போர்டும் வாங்கிவிடுவதே நல்லது என்பது என் கருத்து. ஏவி1 என்ற புதிய வீடியோ வகையை விரிக்கும் சுற்று கேபி லேக்கில் கிடையாது. யூடியூபில் அந்த வகை பெருகிவருகிறது. டிடிஆர்4 ரேம் ஏற்கும் மதர்போர்டாகப் பார்த்தால் பழைய ரேமையும் பயன்படுத்தலாம். பெயரின் கடைசியில் ‘எஃப்’ உள்ளதை வாங்கிவிடாதீர்கள், அதில் கிராபிக்ஸே இருக்காது.

பச்சைப்பலகை:
கம்பிவடம் சொல்வதில் பிழையில்லை. ஆனால் கேட்டவர் கையில் இருக்கும் கோப்புகளைத்தான் பார்க்கிறார். யூடியூபுக்கு அவருடைய தொலைக்காட்சியே இருக்கிறது. ஒரு சிறிய புராசசரால் தீரும் குறைக்கு மதர்போர்டையே மாற்றுவது எனக்கு ஒப்பவில்லை. மிச்சமாகும் பணத்தில் இன்னொரு 4 ஜிபி ரேம் வாங்கிப் போடலாம். ரேமைப் பகிர்ந்துகொள்ளும் கிராபிக்ஸுக்கு, இரண்டு ரேமும் ஒருசேர வேலைசெய்யும் இரட்டைச் சேனல் உண்மையிலேயே உதவும்.

திண்ணைவாசி:
ரிச்சி தெருவில் பழைய ஜி4560 ஒன்றும் ரேம் ஒன்றும் வாங்கிவந்தேன். ஒரு தவற்றையும் ஒப்புக்கொள்கிறேன்: ஆர்வக்கோளாற்றில் பயாஸை மறந்து நேரே மாட்டிவிட்டேன். விசிறி சுற்றியது, திரை கறுப்பாகவே இருந்தது. போயிற்று என்று நினைத்துவிட்டு, பிறகு உங்கள் வரி நினைவுக்கு வர, ஜி4400ஐத் திரும்பப் பொருத்தி, பென்டிரைவிலிருந்து பயாஸை ஏற்றி, தெர்மல் பேஸ்ட்டைத் துடைத்துப் புதிதாகத் தடவி மாட்டினேன். உடனே உயிர் வந்தது. 10 பிட் கோப்புக்கு இப்போது எச்.டபிள்யூ. காட்டுகிறது, புராசசர் சுமை பத்து விழுக்காட்டைத் தாண்டவில்லை. ஒன்று மட்டும் உறுத்துகிறது: கேமரா பக்கவாட்டில் நகரும் காட்சிகளில் படம் லேசாக உதறுகிறது.

பச்சைப்பலகை:
அது புராசசரின் குற்றமன்று. உங்கள் மதர்போர்டின் எச்டிஎம்ஐ 1.4 போர்ட் 4கேயை நொடிக்கு 30 முறைதான் அனுப்பும். படமோ நொடிக்கு 24 பிரேம். ஒவ்வொரு நான்காவது பிரேமும் இரண்டு முறை காட்டப்படுவதால்தான் அந்த உதறல். கோடியின் பிளேயர் அமைப்புகளில், படத்திற்கேற்பத் திரையின் ரெஃப்ரெஷ் ரேட்டை மாற்றும் தேர்வை இயக்கினால் 24க்குத் தானே மாறிக்கொள்ளும். எச்டிஆர் எனப்படும் விரிந்த ஒளி வீச்சுள்ள நிறங்கள் இந்தப் போர்ட் வழியாக வரமாட்டா. பிளேயர் அதைச் சாதாரண நிறவீச்சுக்கு மாற்றித்தான் காட்டும்.

திண்ணைவாசி:
மாற்றிவிட்டேன், உதறல் நின்றுவிட்டது. நேற்றிரவு அம்மா ஒரு கொரியப் படத்தைத் தமிழ் வசன வரிகளோடு முழுவதும் பார்த்தார். கொம்பும் காலும் இருக்கவேண்டிய இடத்தில் இருந்தன. மிக்க நன்றி.