மோரிஸ் மைனர் பின் பிரேக்: எந்த இடத்துக்கு எந்த கிரீஸ்?

பினாங்கு_மைனர்:
அண்ணன்மார்களுக்கு வணக்கம். ஜார்ஜ் டவுனில் இருக்கிறேன். வண்டி மோரிஸ் மைனர் 1000, நாலு சக்கரமும் டிரம், டாட் 4 பிரேக் ஆயில். பின் வீல் பம்ப் (சக்கரத்தில் ஷூவைத் தள்ளும் பிரேக் சிலிண்டர்) இரண்டுக்கும் புது ரப்பர் கிட் போட்டாயிற்று. மாட்டும்போது கப் (பம்புக்குள் ஆயிலை அடைக்கும் ரப்பர்), தூசி ரப்பர், ஷூ உரசும் இடம் என்று எல்லாவற்றுக்கும் வீல் பேரிங்குக்குப் போடும் லித்தியம் கிரீஸையே தடவியிருக்கிறது. இப்போது பெடலை விட்ட பிறகும் இடது பின் சக்கரம் இறுகியே நிற்கிறது. ஆயர் ஈத்தாம் வரை போய் வந்தாலே டிரம்மில் கை வைக்க முடியவில்லை. கடையில் சிவப்பு ரப்பர் கிரீஸ், செம்பு கிரீஸ், சிலிகான், செராமிக் என்று நாலு வகை காட்டுகிறார்கள். எது எங்கே போகும்? பழைய கிரீஸைத் துடைத்துவிட்டு மாற்றிப் பூசினால் போதுமா?

செந்தூல்_டிரம்:
துடைத்தால் போதாது தம்பி. கிட்டையே தூக்கிப் போட வேண்டும்.

பேரிங் கிரீஸ் என்பது கனிம எண்ணெயில் லித்தியம் சோப்பைக் கலந்து கெட்டியாக்கியது. பிரேக் கப் இயற்கை ரப்பர், அல்லது எஸ்.பி.ஆர்., ஈ.பி.டி.எம். என்ற செயற்கை ரப்பர், இவற்றில் ஏதோ ஒன்றாக இருக்கும். மூன்றுமே கனிம எண்ணெயைக் குடித்து ஊதும். ஊதிய கப் பம்புக்குள் இறுகிக்கொள்ளும். ஷூ ஸ்பிரிங்கின் இழுப்பு பிஸ்டனைப் பின்னுக்குத் தள்ளப் போதாது, லைனிங் டிரம்மிலேயே ஒட்டி நிற்கும். எண்ணெய் ரப்பருக்குள் ஊறிவிட்டதால் மேலே துடைப்பதில் பலன் இல்லை. சந்தேகம் இருந்தால் கழற்றிய கப்பின் விட்டத்தை வெர்னியரில் அளந்து, கிட்டில் வரும் புதுக் கப்போடு ஒப்பிட்டுப் பாருங்கள்.

ஆனால் கழற்றும் முன் காரணத்தை உறுதி செய்துகொள்ளுங்கள். பின் பக்கத்தை ஜாக்கியில் தூக்கி, பெடலை மிதித்து விட்டு, இறுகிய சக்கரத்தின் பிளீட் நிப்பிளை (ஆயில் வடிக்கும் திருகு) கால் சுற்று திறக்கவும். ஆயில் பீறிட்டுச் சக்கரம் உடனே விடுபட்டால் லைனில் அழுத்தம் மாட்டிக்கொண்டிருக்கிறது. ரப்பர் ஹோஸின் உட்சுவர் வீங்கியிருக்கலாம், அல்லது மாஸ்டர் பம்பில் ஆயில் திரும்பிப் போகும் ஊசித் துளையைக் கப் மூடியிருக்கலாம். மைனரில் பின் பக்கத்துக்கு ஒரே ஹோஸ்தான். அதனால் ஹோஸில் கோளாறு என்றால் இரண்டு பின் சக்கரமும் இறுக வேண்டும். மாஸ்டர் பம்ப் என்றால் நாலும் இறுகும். உங்களுக்கு ஒன்று மட்டும் இறுகுகிறது. நிப்பிளைத் திறந்தும் விடுபடவில்லை என்றால் கோளாறு அந்தச் சக்கரத்திலேயே இருக்கிறது: ஊதிய கப், பம்ப் நகரும் காடி, அல்லது ஹேண்ட்பிரேக் கேபிள்.

அந்தக் காடியைப் பலர் பார்ப்பதே இல்லை. மைனரின் பின் வீல் பம்ப் பேக் பிளேட்டில் (ஷூவைத் தாங்கும் இரும்புத் தட்டு) இறுக்கமாகப் பூட்டியிருக்காது, ஒரு காடியில் முன்னும் பின்னும் நகரும். பிஸ்டன் ஒரு ஷூவைத் தள்ள, அதன் எதிர்வினையில் பம்ப்பே நகர்ந்து மற்ற ஷூவைத் தள்ளும். காடி துருப்பிடித்தால் ஒரு ஷூ மட்டும் தேயும், திரும்பியும் வராது. பினாங்கின் கடற்காற்றில் இது சீக்கிரமே வரும்.

பிரிக்ஃபீல்ட்ஸ்_கேரேஜ்:
செந்தூல் அண்ணன் சொன்னதோடு கிரீஸ் கணக்கைச் சேர்க்கிறேன். டியூபின் பெயரைப் பார்த்துத் தேர்ந்தெடுக்காதீர்கள். அது எதைத் தொடப் போகிறது என்று பாருங்கள்: ரப்பரையா, இரும்பையா, இரண்டையுமா?

சிவப்பு ரப்பர் கிரீஸில் இருப்பது ஆமணக்கு போன்ற தாவர எண்ணெய். இயற்கை ரப்பரையும் ஈ.பி.டி.எம்.மையும் அது ஊதவிடாது, டாட் 3, டாட் 4 ஆயிலோடும் சண்டை போடாது. பிஸ்டனின் வெளிப்பக்கம், தூசி ரப்பரின் உட்பக்கம், ரப்பர் உதடு உட்காரும் பள்ளம், இவைதான் அதன் இடம். ஈரம் உள்ளே போகாமல் தடுத்து பிஸ்டனைத் துருவிலிருந்து காக்கும். நம் ஊர் ஈரத்துக்கு இது மிக முக்கியம். ஒரு வீல் பம்புக்கு மிளகளவு போதும். தூசி ரப்பருக்குள் நிரப்பி அடைத்தால் சூட்டில் இளகி லைனிங்கில் வழியும். இரும்போடு இரும்பு அழுத்தி உரசும் இடத்துக்கு இது ஆகாது, சூட்டில் நிற்காது.

பம்பின் உள்ளே கப் ஓடும் சுவருக்கு எந்த கிரீஸும் வேண்டாம் என்பது என் கருத்து. கப்பையும் சுவரையும் புது டாட் 4 ஆயிலில் நனைத்து ஏற்றினாலே வழுக்கிக்கொண்டு போகும். டாட் 5 சிலிகான் ஆயில் ஊற்றிய வண்டி என்றால் அந்த ஆயிலிலேயே நனைக்க வேண்டும்.

ஷூவின் ஓரம் உரசும் பேக் பிளேட் மேடுகள், ஷூ நுனி உட்காரும் இடம், பம்ப் நகரும் காடி, இங்கெல்லாம் ரப்பருக்குத் தீங்கு செய்யாத செராமிக் பிரேக் கிரீஸ். மேட்டைக் கம்பி பிரஷ்ஷால் சுரண்டி, அடி தெரியும்படி மெல்லிய பூச்சாகத் தடவினால் போதும். காடிக்குப் பக்கத்திலேயே தூசி ரப்பர் இருப்பதால் கனிம எண்ணெய் கலந்த எதையும் அங்கே கொண்டுபோகாதீர்கள். லேபிளில் ஈ.பி.டி.எம். ரப்பருக்கு ஏற்றது என்று எழுதியிருக்கிறதா என்று பாருங்கள். எழுதாத டியூபை, சின்ன டப்பாவில் அள்ளிக் கொடுப்பதை, விலை எப்படி இருந்தாலும் பிரேக்கில் வைக்காதீர்கள்.

கோம்தார்_கிளாசிக்:
செம்பு கிரீஸை அடியோடு ஒதுக்க வேண்டியதில்லை. ஷூ மேடுகளுக்கு நன்றாகத் தாங்கும். கெந்திங் மலை இறக்கத்தில் டிரம் 200 டிகிரியைத் தாண்டினாலும் அதில் இருக்கும் செம்புத் தூள் அங்கேயே நிற்கும்.

பிரிக்ஃபீல்ட்ஸ்_கேரேஜ்:
தூள் நிற்கும், அதைச் சுமந்து வந்த எண்ணெய் நிற்காது. பல செம்பு கிரீஸ்களில் அது கனிம எண்ணெய்தான். மேட்டில் பூசியது இளகினால் கீழே இருப்பது வீல் பம்பின் ரப்பரும் லைனிங்கும். டிஸ்க் பிரேக்கில் பேடின் இரும்பு முதுகுக்கு, ரப்பர் தொடாத இடத்தில், வைத்துக்கொள்ளலாம். டிரம்முக்குள் வைக்க நான் சம்மதிக்க மாட்டேன்.

சாகா_85:
இடையில் ஒரு கேள்வி. முதல் தலைமுறை புரோட்டான் சாகா, முன் டிஸ்க். காலிப்பர் (டிஸ்க்கைப் பேடால் கவ்வும் பாகம்) நகர்வதற்கான இரும்புப் பின்னுக்கும் இதே சிவப்பு கிரீஸ் போடலாமா?

செந்தூல்_டிரம்:
பின்னுக்கு சிவப்பு வேண்டாம். அங்கே சூடும் உண்டு, ரப்பர் பூட்டும் உண்டு, இரும்பும் உரசும். கிளைகால் அடிப்படையில் செய்த பிரேக் கிரீஸ், இல்லையென்றால் காலிப்பர் பின்னுக்கென்றே விற்கும் சிலிகான் கிரீஸ். பழைய டொயோட்டா பட்டறைப் புத்தகங்கள் இந்த இடத்துக்கு லித்தியம் சோப் கிளைகால் கிரீஸ் என்றே கேட்கும். பெயரில் லித்தியம் இருக்கிறதே என்று பேரிங் கிரீஸை எடுத்துவிடாதீர்கள். சோப்பு ஒன்றாக இருந்தாலும் அதனோடு சேர்ந்த எண்ணெய் வேறு.

பின்னின் உடம்பில் மெல்லிசாகத் தடவுங்கள். துளைக்குள் நிரப்பினால் காற்றும் கிரீஸும் அடைபட்டுப் பின்னை வெளியே தள்ளும், காலிப்பர் நகராது, உள் பேட் மட்டும் தேயும். ஒரு பின்னின் நுனியில் ரப்பர் வளையம் இருந்தால் கழற்றிய அதே துளைக்கே அதைத் திருப்பிப் போடுங்கள். இன்னொன்று: பெயின்ட் அடிக்கும் இடத்துக்குப் பக்கத்தில் சிலிகான் டியூபைத் திறக்காதீர்கள். சிலிகான் பட்ட தகட்டில் பெயின்ட் குழி குழியாகப் பிரியும்.

பினாங்கு_மைனர்:
நன்றி அண்ணே. நிப்பிளைத் திறந்து பார்த்தேன், சக்கரம் விடுபடவில்லை. கப்புகள் புதியதைவிடத் தடித்துத்தான் இருக்கின்றன. இரண்டு பக்கத்துக்கும் புது கிட் வாங்கிவிட்டேன். பம்பைப் பெட்ரோலில் கழுவலாமா? லைனில் இருக்கும் ஆயிலை என்ன செய்வது?

செந்தூல்_டிரம்:
பெட்ரோல், மண்ணெண்ணெய், டீசல் மூன்றுமே கூடாது. அதுவும் அதே கனிம எண்ணெய்ச் சொந்தம்தான். மெத்திலேட்டட் ஸ்பிரிட்டில் கழுவி, நன்றாகக் காயவிட்டு, சுவரை வெளிச்சத்தில் பாருங்கள். நகம் மாட்டும் குழி இருந்தால் புதுப் பம்ப் வாங்குங்கள். மணல் தாளால் தேய்த்துச் சமாளித்தால் அடுத்த மழைக்காலத்தில் கசியும்.

கிரீஸ் கப்பின் உட்பக்கம்வரை போயிருப்பதால் பின் லைனை முழுதாக வடித்துப் புது ஆயில் ஓடவிடுங்கள். மாஸ்டர் பம்பின் மூடி ரப்பரையும் தொட்டுப் பாருங்கள். அது மெத்தென்று வீங்கியிருந்தால் எண்ணெய் அங்கேயும் போய்விட்டது. அப்படியானால் மாஸ்டர் பம்ப், முன் நாலு வீல் பம்ப், ஹோஸ் எல்லாவற்றிலும் ரப்பரை மாற்றுவதைத் தவிர வழியில்லை. ஒன்றை விட்டு வைத்தால் அதிலிருந்து எண்ணெய் கசிந்து புது ரப்பரையும் கெடுக்கும்.

டாட் 4 புதிதில் குறைந்தது 230 டிகிரியில் கொதிக்க வேண்டும். ஈரம் ஏறியதற்கான தரம் 155 டிகிரிதான். திறந்து வைத்த பழைய பாட்டிலை ஊற்றாதீர்கள்.

பிரிக்ஃபீல்ட்ஸ்_கேரேஜ்:
கிரீஸ் பட்ட லைனிங்கையும் விட்டுவிடாதீர்கள். எண்ணெய் ஊறியதைச் சுட்டோ தேய்த்தோ மீட்க முடியாது, ஒரு அச்சின் இரண்டு பக்கத்துக்கும் சேர்த்து மாற்ற வேண்டும். லைனிங்கில் இருக்கும் ஈரத்தில் கியர் ஆயில் வாசம் வந்தால் அது கிரீஸே இல்லை, ஆக்சில் ஹப்பில் கசிவு. அதை அடைக்காமல் புது லைனிங் போடுவது வீண். பழைய லைனிங்கில் அஸ்பெஸ்டாஸ் இருக்கலாம், ஏர் கன்னால் ஊதாதீர்கள், நனைத்துத் துடையுங்கள்.

ஹேண்ட்பிரேக் கேபிளில் கிரீஸ் நிப்பிள் இருந்தால் உங்கள் லித்தியம் கிரீஸுக்கு அதுதான் சரியான இடம். பேக் பிளேட் பக்கம் பிதுங்கியதை மட்டும் உடனே துடைத்துவிடுங்கள்.

கோம்தார்_கிளாசிக்:
பழைய சிட்ரோயன் வைத்திருப்பவர்கள் இதைப் படித்துவிட்டு சிவப்பு கிரீஸ் வாங்கிவிட வேண்டாம். எல்.எச்.எம். என்ற பச்சை ஹைட்ராலிக் ஆயில் ஊற்றும் வண்டிகளில் ஓடுவதே கனிம எண்ணெய், ரப்பரும் அதற்கென்று செய்த வேறு வகை. அங்கே டாட் 4 பட்டாலே சீல் கெடும்.