பிரியோலோ உண்ணும் அயல் மரத்தை வெட்டலாமா?

வனமாலி:
அட்லாண்டிக் பெருங்கடலில் போர்ச்சுகலுக்குரிய அசோர்ஸ் தீவுக்கூட்டத்தின் சாவோ மிகேல் தீவில், பிகோ ட வாரா மலையைச் சுற்றியுள்ள லாரல் காட்டை விட்டால் பிரியோலோ என்னும் சிறு பறவைக்கு உலகில் வேறு இடமில்லை. நம் இலவங்கப்பட்டை மரத்தின் குடும்பத்தைச் சேர்ந்த லாரல் மரங்கள் நிறைந்த அக்காட்டை, மதெய்ரா தீவிலிருந்து அழகுக்காகக் கொண்டுவரப்பட்ட கிளெத்ரா மரமும் இமயமலைப் பகுதியின் காஹிலி இஞ்சியும் நெரித்து வருகின்றன. இரண்டையும் தயக்கமின்றி அடியோடு அகற்ற வேண்டும் என்கிறேன்.

செங்குன்றன்:
இஞ்சியைப் பொறுத்தவரை உங்களோடு எனக்கு வழக்கில்லை. அதன் கிழங்குகள் ஒன்றோடொன்று பின்னித் தரையைப் பாய்போல் மூடிவிடுவதால், மேலே விழும் விதை மண்ணைத் தொடுவதே இல்லை. கிளெத்ராவின் நிலை வேறு. கோடையில் புல்பூண்டுகளின் விதை, அதன்பின் கனிகளின் விதை, வசந்தத்தில் பூமொட்டு என்று பருவத்துக்கொரு உணவை நாடும் பிரியோலோ, குளிர்காலத்தில் பெரணிகளையும் கிளெத்ரா விதைகளையுமே பெரிதும் நம்பியிருக்கிறது. அந்த விதையை ஒரே வீச்சில் பறித்துவிட்டுப் பறவையைக் காப்பாற்றினோம் என்று எப்படிச் சொல்வது?

வனமாலி:
பசித்த பறவை கிடைத்ததை உண்ணும், ஐயா. 19ஆம் நூற்றாண்டில் ஆரஞ்சு மொட்டுகளைத் தின்றது என்பதற்காகத் தோட்டக்காரர்கள் இதனைக் கொன்றார்கள். அதனால் ஆரஞ்சுத் தோட்டம் இதன் வீடாகிவிடவில்லை. 2003இல் தொடங்கிய ஐரோப்பிய ஒன்றியத்தின் 'லைஃப்' என்னும் இயற்கைப் பாதுகாப்புத் திட்டம் கிளெத்ராவை வெட்டித்தான் காட்டை மீட்டது. முன்பு மிக அருகிய இனமாக இருந்த பிரியோலோவைப் பன்னாட்டு இயற்கைப் பாதுகாப்புச் சங்கம் 2010இல் ஆபத்து ஒரு படி குறைந்த அருகிய இனமாகவும், 2016இல் அதனினும் ஒரு படி குறைந்த அழிவாய்ப்பு இனமாகவும் மாற்றி வகைப்படுத்தியது.

செங்குன்றன்:
அதே திட்டம் நாற்றங்காலில் உள்நாட்டு மரக்கன்றுகளை வளர்த்து நட்டதையும் சேர்த்துச் சொல்லுங்கள். வெட்டுவதற்கு ஒரு நாள் போதும். நட்ட கன்று மொட்டு விட ஆண்டுகள் ஆகும். அந்த இடைவெளியில் பறவை எதைத் தின்னும் என்பதே என் கவலை. மண்ணையும் மறந்துவிடக் கூடாது. 1997 அக்டோபர் இறுதியில் பெய்த பெருமழையில், அத்தீவின் ரிபெய்ரா கென்டே ஊரில் மலைச்சரிவு 29 உயிர்களைக் கொண்டுபோயிற்று. அத்தகைய செங்குத்துச் சரிவுகளில் மரங்களை மொத்தமாக வீழ்த்தி மண்ணை வெறுமையாக்குவதை என்னால் ஏற்க முடியாது.

வனமாலி:
சரிவுகளைப் பற்றி நீங்கள் சொல்வது நியாயம். அங்கே மரத்தைச் சாய்த்தாலும் அடிவேரைப் பெயர்க்கக் கூடாது, உடனே கன்று நட வேண்டும். ஆயினும் கிளெத்ராவின் விதை தூசிபோல் நுண்ணியது, காற்றில் பரவுவது. பறவைக்காக விட்டுவைக்கும் முதிர்ந்த மரம், நாம் துப்புரவாக்கிய நிலத்தில் மீண்டும் விதை தூவும்.

செங்குன்றன்:
அப்படியானால் துப்புரவாக்கிய நிலத்தில் முளைப்பதை ஆண்டுதோறும் பிடுங்குவோம். அதற்கு ஆள்கூலி ஆகும் என்பதை மறுக்கவில்லை. நட்ட மரங்கள் மொட்டு விட்டு, பறவைகள் அவற்றைத் தேடி வருவதைக் கண்ட பிறகே அடுத்த துண்டு நிலத்தில் கோடரி விழட்டும்.