ஹாக்கொடாத்தேயில் மூணு நாள்: எங்கே சாப்பிடலாம், எதைப் பார்க்கலாம்?

வடசேரிக்காரன்:

அக்டோபர் நடுவில் அப்பா, அம்மா, மனைவியோடு டோக்கியோ போகிறோம். அங்கிருந்து ஹொக்கைடோவில் உள்ள ஹாக்கொடாத்தேக்கு மூணு நாள் ஒதுக்கியிருக்கு, இரண்டு ராத்திரி தங்கல். எனக்கும் அப்பாவுக்கும் மீன் இல்லாமல் சோறு இறங்காது. கனகமூலம் சந்தையில் செவுளைத் தூக்கிப் பார்க்காமல் மீன் வாங்குகிற ஆள் இல்லை அப்பா. பன்றி இறைச்சி யாரும் தொடமாட்டோம். அம்மா சுத்த சைவம், முட்டையும் கிடையாது. அப்பாவுக்கு முட்டுவலி வேறு, ஏற்றம் ஆகாது.

காலைச் சந்தை, மலை மேலிருந்து ராத்திரிக் காட்சி, நட்சத்திரக் கோட்டை, இந்த மூணும் பட்டியலில் இருக்கு. எதை எந்த நேரத்தில் வைக்கணும்? அம்மாவுக்குச் சாப்பாடு என்ன கிடைக்கும்? போனவங்க, அங்கே இருக்கிறவங்க சொல்லுங்க.

குளச்சல் கரை:

அண்ணே, முதலில் ரயில் விஷயம். பலர் ஏமாறுவது இங்கேதான். ஷின்கான்சென் (புல்லட் ரயில்) போய் நிற்கிற ஸ்டேஷன் பெயர் ஷின் ஹாக்கொடாத்தே ஹொக்குட்டோ. அது ஊருக்குள்ளே இல்லை, ஏறக்குறைய 18 கிலோமீட்டர் தள்ளி இருக்கு. அங்கே இறங்கி எதிரில் நிற்கிற ஹாக்கொடாத்தே லைனர் வண்டியில் மாறினால் சுமார் 20 நிமிஷத்தில் ஊர் ஸ்டேஷன். "ஷின்" ஸ்டேஷன் பக்கத்தில் மலிவாக இருக்கு என்று அறை போட்டுவிட்டால் காலைச் சந்தையும் போச்சு, ராத்திரிக் காட்சியும் போச்சு. டோக்கியோவிலிருந்து ஏறக்குறைய 4 மணி நேரம், ஒரு ஆளுக்கு 23,000 யென்னுக்கு மேல் ஆகும். வழியில் கடலுக்கு அடியில் போகிற செய்கான் சுரங்கம் வரும், மொத்த நீளம் 53.85 கிலோமீட்டர். உள்ளே பார்க்க ஒன்றுமில்லை, இருட்டுதான். ஆனாலும் அப்பாவிடம் சொல்லிவையுங்க. விமானம் என்றால் டோக்கியோவின் ஹனேடா விமான நிலையத்திலிருந்து ஒன்றரை மணி நேரம் கூட ஆகாது.

அறை ஊர் ஸ்டேஷன் பக்கத்திலேயே போடுங்க. காலைச் சந்தை ஸ்டேஷன் வாசலிலிருந்து கூப்பிடு தூரம். மே முதல் டிசம்பர் வரை காலை 5 மணிக்கே திறந்துவிடும், மதியம் 2 மணிக்கெல்லாம் கதவு சாத்திவிடும். 11 மணிக்குப் போய்விட்டு "ஒன்றுமே இல்லையே" என்று சொல்லக்கூடாது. 6 மணிக்குப் போங்க. நம்ம குளச்சல், முட்டம் மாதிரி ஏலம் கூவுகிற இடம் என்று நினைக்காதீங்க. ஏலம் வேறிடத்தில். இது சில்லறைக் கடைகளும் சாப்பாட்டுக் கடைகளும் சேர்ந்த சந்தை, ஏறக்குறைய 250 கடை.

அங்கே முக்கியம் கணவாய். அந்த ஊர் அடையாளமே அதுதான், பெயர் சுருமே இக்கா. ஜூனில் தொடங்கி ஆண்டுக் கடைசி வரை அதன் காலம், அதனால் உங்க அக்டோபர் சரியான நேரம். சந்தைக்குள்ளே ஒரு தொட்டியில் உயிரோடு விட்டிருப்பாங்க, நீங்களே தூண்டில் போட்டுப் பிடிக்கலாம். தூண்டிலில் இரை கிடையாது, வெறும் முள்தான். கணவாயின் பின்பக்கம் இருக்கிற முக்கோணத் துடுப்புக்கு அடியில் முள்ளைக் கொண்டுபோய் ஒரே இழுப்பாகத் தூக்கணும். மெதுவாகத் தூக்கினால் நழுவிவிடும். தூக்கியதும் அதன் குழல் உங்க பக்கம் திரும்பாமல் பார்த்துக்கிடுங்க, சட்டை முழுக்கத் தண்ணீர் பீய்ச்சிவிடும். கடைக்காரர் ஒரு நிமிஷத்தில் அறுத்து இஞ்சியும் சோயாவும் வைத்துக் கொடுத்துவிடுவார். அறுக்கும்போது தோலைப் பக்கத்தில் போய்ப் பாருங்க: செம்பழுப்புப் புள்ளிகள் விரியும், சுருங்கும், மறுபடி விரியும். சதை கண்ணாடி மாதிரி, கீழே இருக்கிற தட்டு தெரியும். நம்ம சந்தைக்கு வரும்போது கணவாய் பால் வெள்ளையாகத்தானே இருக்கும்? அது பிடித்துப் பல மணி நேரம் ஆனதன் நிறம்.

விலை தினமும் மாறும். பத்துப் பன்னிரண்டு வருஷமாக இந்தக் கணவாய் வரத்து மிகவும் குறைந்துபோச்சு, அதனால் பல நாள் ஒன்று ஆயிரம் யென்னைத் தாண்டிவிடும். சில நாள் தொட்டியே காலியாக இருக்கும். காற்றடித்துப் படகு போகவில்லை என்றால் எவனாலும் ஒன்றும் செய்ய முடியாது. அதனால் முதல் ராத்திரி தங்கி விடிந்ததுமே போய்விடுங்க, கிடைக்காவிட்டால் மறுநாள் ஒரு வாய்ப்பு மிச்சம் இருக்கும்.

கணவாய் குறைந்த அதே கடலில் இப்போது "பூரி" என்ற மீன் நிறைய விழுது. நம்ம பாரை இனத்தைச் சேர்ந்தது, கொழுப்புள்ள மீன். கடல் சூடேறுவதுதான் காரணம் என்று சொல்கிறாங்க. பச்சை மீனுக்கு அப்பா தயங்கினால் பூரியை உப்புத் தடவிச் சுட்டது கேளுங்க, "ஷியோயாக்கி" என்று சொன்னால் போதும். சோற்றின் மேல் மீன், மீன் முட்டை எல்லாம் அடுக்கி வருவது "கைசென்தோன்", 2,000 முதல் 3,500 யென் வரை. அதில் கடல்முள்ளெலி (உனி) கேட்டால் ஒன்று கவனிக்கணும். வடிவம் கரையாமல் இருக்கப் படிகாரம் சேர்ப்பது உண்டு, அதுதான் நாக்கில் கசப்பாகத் தட்டும். "முதென்கா" என்று எழுதியிருந்தால் படிகாரம் சேர்க்காதது, விலை கூடும். கூட்டிக் கொடுத்தாலும் அதையே தின்னுங்க. கசக்கிற உனியை ஒரு தடவை தின்றவங்க அப்புறம் அந்தப் பக்கமே போகமாட்டாங்க.

தக்கலை அக்கா:

தம்பி, அம்மா சாப்பாட்டை நான் சொல்கிறேன். இதை லேசாக எடுக்காதே.

ஜப்பானில் இறைச்சியை ஒதுக்குவது சுலபம், மீனை ஒதுக்குவதுதான் கஷ்டம். எல்லாச் சமையலுக்கும் அடிப்படை "தாஷி" என்கிற சாறு. கடல்பாசியும் காய்ந்த மீனும் கொதிக்கவைத்து எடுப்பது. அந்த மீன் வேறெதுவுமில்லை, நம்ம சூரைதான். மாசிக்கருவாடு மாதிரியே அவித்து, புகைபோட்டு, மரக்கட்டை மாதிரி காயவைத்து, சீவிப் போடுவாங்க. மிசோ சூப், காய்கறி அவியல், டோஃபு மேலே ஊற்றுகிற குழம்பு, நூடுல்ஸ் சாறு, எதிலும் அது இருக்கும். "வெஜிடேரியன்" என்று கேட்டால் கடைக்காரர் நல்ல மனசோடு இறைச்சியை மட்டும் எடுத்துவிட்டுக் கொடுப்பார். அவர் மேல் தப்பில்லை, சாறு அவருக்கு மீனாகத் தோன்றாது. அதனால் "நிக்கு தோ சக்கானா வா தபேராரேமாசென், தாஷி மோ தமே தேசு" என்பதை ஜப்பானிய எழுத்தில் ஃபோனில் வைத்துக்கொண்டு காட்டு. இறைச்சியும் மீனும் சாப்பிட முடியாது, தாஷியும் கூடாது என்று அர்த்தம். கீழே முட்டையையும் சேர்த்துக்கோ, "தமாகோ".

ஊரின் பேர்பெற்ற ஷியோ ராமென் தெளிந்த உப்புச் சாறு, பார்க்க ரசம் மாதிரி சுத்தமாக இருக்கும். ஆனால் அதில் பன்றி எலும்பு கொதித்திருக்கும், மேலே பன்றித் துண்டும் இருக்கும். அம்மாவுக்கு மட்டுமில்லை, உங்க யாருக்குமே ஆகாது. அதேபோல ஹசெகாவா ஸ்டோர் என்ற கடையின் "யாக்கிதோரி பெந்தோ". யாக்கிதோரி என்றால் சுட்ட கோழி என்றுதான் ஜப்பானில் பொதுவாக அர்த்தம். ஆனால் ஹாக்கொடாத்தேயில் அது பன்றி! பெயரை நம்பி வாங்கிவிடாதீங்க. கோழி வேண்டுமானால் லக்கி பியெரோ போங்க. 1987-இல் தொடங்கிய உள்ளூர் பர்கர் கடை, ஹாக்கொடாத்தே வட்டாரத்தை விட்டு வெளியே கிளை கிடையாது. சைனீஸ் சிக்கன் பர்கர்தான் அங்கே எல்லாரும் கேட்பது. சொன்ன பிறகுதான் பொரிப்பாங்க, பசி முற்றுவதற்கு முன்னாடியே போய் உட்காரணும்.

அம்மாவுக்கு நம்பி வாங்கக்கூடியவை: செய்க்கோமார்ட் கடையில் உப்பு மட்டும் போட்ட சோற்று உருண்டை, ஊறுகாய்ப் பிளம் வைத்த உருண்டை (பின்பக்க அட்டையை ஃபோனில் மொழிபெயர்த்துப் பார்த்துவிட்டு), அவித்த சோளம், வெண்ணெய் வைத்த உருளைக்கிழங்கு, பால், தயிர், பழம். மைக்ரோவேவில் இரண்டு நிமிஷம் வைத்தால் வெள்ளைச் சோறாகிற பாக்கெட் எந்த சூப்பர் மார்க்கெட்டிலும் உண்டு. ஊரிலிருந்து பருப்புப்பொடி, நார்த்தங்காய் ஊறுகாய், புளிக்காய்ச்சல் கொண்டுபோனால் அம்மாவுக்கு ஒரு நேரச் சாப்பாடு நிம்மதி. ஏத்தங்காய் சிப்ஸ் கொண்டுபோகலாம். மட்டிப்பழமும் பச்சைக் கறிவேப்பிலையும் வேண்டாம், சான்றிதழ் இல்லாமல் பழம், இலை எதையும் விமான நிலையத்தில் விடமாட்டாங்க. இறைச்சி ஊறுகாய்க்கும் அதே கதிதான்.

ஓனுமா ஏரிக்கு அரை நாள் ஒதுக்கு, அம்மாவுக்காகவே சொல்கிறேன். ஸ்டேஷனிலிருந்து ஹொக்குட்டோ விரைவு ரயிலில் அரை மணி நேரம். அக்டோபர் நடுவிலிருந்து இலையெல்லாம் சிவக்கத் தொடங்கும். பின்னால் கொமகாத்தாகே எரிமலை, 1,131 மீட்டர். ஓனுமாகோயென் ஸ்டேஷன் எதிரில் நுமானொயா என்ற கடை, 1905 முதல் இருக்கு. அரிசிமாவில் பிடித்த சின்ன உருண்டை விற்பாங்க, நம்ம கொழுக்கட்டை மாவு வெந்த பதம். ஒரே பெட்டியில் இரண்டு அறை, ஒன்றில் சோயாப் பாகு, இன்னொன்றில் பயறுக் களி அல்லது எள். இரண்டு அறையும் ஓனுமா, கொனுமா என்கிற இரண்டு ஏரி. அன்றைக்கே தின்றுவிடணும், மறுநாள் மாவு இறுகிப்போகும்.

திற்பரப்பு நடையன்:

மலையைப் பற்றி நான் சொல்கிறேன், அதில் நேரம்தான் எல்லாம். மலை 334 மீட்டர், ரோப்வேயில் மூணே நிமிஷம், போக வரச் சுமார் 1,800 யென். அக்டோபர் நடுவில் அங்கே மாலை 5 மணிக்குள் சூரியன் இறங்கிவிடும். நம்ம ஊர்க் கணக்கில் 6 மணிக்குக் கிளம்பினால் முடிஞ்சது. 4.15-க்கெல்லாம் மேலே இருங்க. வெளிச்சத்தில் ஊரின் வடிவம் பிடிபடும்: ஒருகாலத்தில் தனித்தீவாக நின்ற மலையை மணல் திட்டு கரையோடு சேர்த்துவிட்டது, அந்தத் திட்டின் மேல்தான் ஊர் உட்கார்ந்திருக்கு. இரண்டு பக்கமும் கடல், நடுவில் இடுப்பு மாதிரி ஒடுங்கின நிலம். சூரியன் மறைந்து 20, 30 நிமிஷத்தில் வானம் கருநீலமாக இருக்கும்போதே விளக்குகள் ஏறும். அந்தக் கால்மணி நேரம்தான் காட்சி. முழு இருட்டானால் கடலும் வானமும் ஒன்றாகி அந்த இடுப்பு வடிவம் பாதி மறைந்துவிடும். தூரத்தில் கடலில் வெள்ளை வெளிச்சம் வரிசையாகத் தெரிந்தால் அது கணவாய்ப் படகு. விளக்கு வெளிச்சத்துக்குக் கணவாயை வரவைத்துப் பிடிக்கிற முறை, நம்ம கடலில் 2017 முதல் எல்.இ.டி. விளக்கு மீன்பிடிக்குத் தடை இருப்பதால் நம்ம பிள்ளைகளுக்கு இது புதுசாக இருக்கும்.

காற்று பலமானால் ரோப்வே நிற்கும். இலையுதிர் காலத்தையொட்டிப் பராமரிப்புக்காகச் சில நாள் மூடுவதும் உண்டு. டிக்கெட் போடும் முன் அவர்கள் இணையதளத்தில் உங்க தேதியைப் பாருங்க. மூடியிருந்தால் ஸ்டேஷனிலிருந்து மலைக்கு பஸ் உண்டு, நவம்பர் நடுவரை ஓடும். அந்த நேரத்தில் பகலிலேயே 17 டிகிரி சுமாருக்குத்தான் இருக்கும், உச்சியில் காற்றோடு இன்னும் குளிரும். அப்பாவுக்குக் காதை மூடுகிற தொப்பி கண்டிப்பாக வேண்டும்.

முட்டுவலிக்கு ஒரு வழி. மொட்டோமாச்சி பகுதியின் சரிவுத் தெருக்கள் செங்குத்தானவை, கீழிருந்து ஏறினால் அப்பா முதல் தெருவிலேயே உட்கார்ந்துவிடுவார். டிராமை விட்டுவிட்டு ஸ்டேஷனிலிருந்து டாக்ஸியில் நேராக மேலே பழைய பொதுமண்டபத்துக்குப் போங்க, 1910-இல் கட்டிய நீலமும் மஞ்சளும் பூசின மரக்கட்டிடம். அங்கிருந்து மலையின் இடுப்போடு போகிற தெரு பெரிய ஏற்ற இறக்கம் இல்லாதது. அதிலே நடந்தால் ஹாச்சிமான்சாக்கா சரிவின் உச்சி வரும், கீழே தெரு முடிகிற இடத்தில் துறைமுகம். பிறகு ரஷ்யத் தேவாலயம் (இப்போதிருக்கும் கட்டிடம் 1916), கத்தோலிக்கத் தேவாலயம், அப்புறம் ரோப்வே அடிவாரம். 3 மணிக்குத் தொடங்கினால் சரியாக மலைக்கு நேரமாகும்.

கோர்யோகாக்கு கோட்டைக்கு டிராம். பின்கதவில் ஏறி எண் போட்ட சீட்டு எடுத்துக்கிடுங்க, முன்கதவில் இறங்கும்போது பலகையில் அந்த எண்ணுக்கு நேரே எரிகிற தொகையைப் பெட்டியில் போடணும். நாள் முழுக்க ஏறி இறங்க ஒருநாள் சீட்டு உண்டு. நிறுத்தத்திலிருந்து 15 நிமிஷம் நடை, ஆனால் சமதளம். தரையில் நின்றால் கோட்டை நட்சத்திரமாகத் தெரியாது, வெறும் அகழியும் மண்மேடும்தான். அதனால் 107 மீட்டர் கோபுரத்தில் லிஃப்டில் ஏறித்தான் பார்க்கணும். 1868, 69-இல் ஜப்பானின் உள்நாட்டுப் போர் இங்கேதான் முடிந்தது.

அதே டிராமில் இன்னும் போனால் யுனொக்காவா வெந்நீர் ஊற்று. நிறுத்தத்தின் பக்கத்திலேயே காலை மட்டும் நனைக்கிற தொட்டி இருக்கு, காசு கிடையாது. துண்டு மட்டும் கொண்டுபோங்க. அப்பாவின் முட்டுக்கு அதுபோல் சுகம் வேறில்லை.

வடசேரிக்காரன்:

மூணு பேருக்கும் ரொம்ப நன்றி. டாக்ஸி யோசனை எங்களுக்குத் தோன்றவே இல்லை. இன்னும் இரண்டு கேள்வி: பச்சைக் கணவாயில் புழு இருக்கும் என்கிறாங்களே, உண்மையா? சாயங்காலம் ஒரு பீர் குடிக்க எங்கே போகலாம்?

குளச்சல் கரை:

உண்மைதான் அண்ணே, அனிசாக்கிஸ் என்று பெயர். வெள்ளை நூல் மாதிரி இரண்டு மூணு சென்டிமீட்டர் இருக்கும். முதலில் குடலில்தான் இருக்கும், மீன் செத்துக் கிடக்கக் கிடக்கச் சதைக்கு ஏறும். அதனால்தான் உயிரோடு பிடித்து உடனே குடலெடுத்தது பாதுகாப்பு கூடினது. வசாபியோ வினிகரோ அதைக் கொல்லாது. மைனஸ் 20 டிகிரியில் 24 மணி நேரம் உறைந்தாலோ நன்றாக வெந்தாலோதான் சாகும். நூல் நூலாக அறுக்கிற "இக்கா சோமென்" வாங்குங்க, கத்தி பட்டுப் புழு துண்டாகிவிடும், மிச்சம் இருந்தாலும் கண்ணுக்குத் தெரியும். தின்ற சில மணி நேரத்தில் வயிறு முறுக்கிப் பிடித்தால் தாமதிக்காமல் மருத்துவமனை போய் "இக்கா, அனிசாக்கிஸ்" என்று சொல்லுங்க, உள்நோக்கியை விட்டு எடுத்துவிடுவாங்க. அப்பாவுக்கு மனசு ஒப்பவில்லை என்றால் வற்புறுத்தாதீங்க, சுட்ட கணவாயும் அருமையாக இருக்கும்.

பீருக்கு ஸ்டேஷனிலிருந்து ஐந்து நிமிஷ நடையில் தாய்மோன் யோக்கோச்சோ. 26 சின்னக் கடைகள், ஒவ்வொன்றிலும் பத்து பேர் உட்கார்ந்தால் நிறைந்துவிடும். அதனால் நாலு பேராகப் போக வேண்டாம், நீங்களும் அப்பாவும் மட்டும் போங்க. சப்போரோ கிளாசிக் கேளுங்க, 1985 முதல் ஹொக்கைடோவில் மட்டும் விற்கிற பீர். உட்கார்ந்ததும் கேட்காமலே ஒரு கிண்ணம் தொட்டுக்கை வைப்பாங்க, பெயர் "ஓதோஷி". அது இலவசம் இல்லை, உட்காரும் கூலி மாதிரி ஆளுக்கு 300 முதல் 500 யென் பில்லில் ஏறும். ஏமாற்று என்று சண்டை போடாதீங்க, அங்கே அதுதான் வழக்கம். டிப்ஸ் வைக்க வேண்டாம், வைத்தால் பின்னாலேயே ஓடிவந்து திருப்பித் தருவாங்க. சின்னக் கடைகளில் கார்டு எடுக்காமலும் போகலாம், ஆயிரம் யென் நோட்டாகப் பத்து கையில் வைத்துக்கிடுங்க.