முனி கோயில் மரம்: பணம் அனுப்புறதுக்கு முன்னாடி இதப் படிங்க

எல்லாருக்கும் வணக்கம்.

பர்மாவுல நம்ம ஊருக்குப் போயிட்டு போன வாரம்தான் சிட்னி திரும்பினேன். முனி கோயில் தூங்குமூஞ்சி மரம் விழுந்த போட்டோ எல்லாருக்கும் வந்திருக்கும், ஆனா போட்டோல தெரியாத ஒண்ணு இருக்கு. மரம் வேரோட புடுங்கிட்டு சாஞ்சிருக்கு, வேர்க்கட்டை மண்ணோட ஆள் உயரத்துக்கு மேல செங்குத்தா நிக்குது, அடியில பெரிய பள்ளம், அந்தப் பள்ளத்துல இறங்கி நம்ம பசங்க கோலி விளையாடுதுங்க. யாராவது தண்டை அறுத்து விட்டா பாரம் போயி வேர்க்கட்டை பழைய குழியிலயே திரும்பி உக்காந்துரும், உள்ள எவன் இருந்தாலும் அவ்ளோதான். பூசாரி அண்ணன்கிட்ட சொல்லி சுத்தி கயிறு கட்டினேன், மறுநாள் பாத்தா அதுல துணி காயுது.

பெகு டவுன்ல இருந்து ஒரு மரக்கடைக்காரர் வந்து மொத்தமா விறகு விலைக்கு கேக்குறார். குடுக்க வேணாம், நாமளே பலகையா அறுத்து மண்டபத்துக்கு கதவு, பெஞ்சு பண்ணிக்கலாம்னு நெனைக்கிறேன். ரம்பக்காரர் கூலி, பெயின்ட், ரீப்பர், மேல போட தகரம், இதுக்கெல்லாம் சேத்து ஆளுக்கு 50 டாலர் கேக்குறேன்.
சிட்னி தம்பி

*

தம்பி, 50 டாலர்னா எந்த டாலர்? சிங்கப்பூரா, ஆஸ்திரேலியாவா, அமெரிக்காவா? அத மொதல்ல எழுது.

அப்புறம் மரக்கடைக்காரன் எப்படி அளந்தான்னு கேட்டியா? நீ அனுப்பின அளவுப்படி சுத்தளவு 12 அடி, நீளம் 15 அடி. அவன் சுத்தளவுல நாலுல ஒரு பங்கு எடுத்து அதையே அதால பெருக்கி நீளத்தால பெருக்குவான், 3 மூணு 9, இன்டு 15, 135 கன அடி. அம்பது கன அடி ஒரு டன்னுன்னு 2.7 டன்னுக்கு கணக்கு போடுவான். ஆனா உருண்டை மரத்துல உள்ளபடி இருக்கிறது கிட்டத்தட்ட 172 கன அடி. வெள்ளைக்காரன் காலத்து கணக்கு அது, அறுக்கும்போது வர்ற சேதாரத்த முன்னாடியே கழிச்சுடறது. விறகுக்கு கேக்கறவனுக்கு என்ன சேதாரம்? எரிக்கிறவனுக்கு தூளும் காசுதானே.

நர்கிஸ் புயல் அப்போ 2008ல கோயில் கூரைக்குன்னு வசூல் பண்ணோமே, அந்த ரசீது இன்னும் எனக்கு வரல. யாரு பொறுப்புல இருந்தாங்கன்னு நான் சொல்ல வேண்டியதில்ல.
சிங்கப்பூர் சித்தப்பா

*

ரசீது ரசீதுன்னு எத்தன வருஷமா கேப்பீங்க, 1964ல அம்பது நூறு நோட்டு செல்லாதுன்னு கவர்மென்ட் சொன்னப்போ கோயில் பணத்த யாரு வீட்டு பொட்டியில வச்சிருந்தாங்க, அது எத்தன நோட்டுன்னு யாராவது ரசீது கேட்டோமா? எங்க அப்பா கட்டின மதில் மேலதான் மரம் விழுந்திருக்கு, அதப் பத்தி ஒருத்தர் வாயத் தொறக்கல. முனி நின்ன மரத்த ஒருத்தன் அடுப்புல வைக்க குடுத்தா அப்புறம் நாம எந்த மூஞ்சிய வச்சிட்டு திருவிழாவுக்கு போறது. அந்த நிழல்லதான் எங்க ஆத்தா லாப்பே, அதான் ஊறவச்ச தேயிலை, தட்டு வச்சு வித்துச்சு, இந்தியாவுக்கு கப்பல் ஏறுற அன்னிக்கு காலையில கூட கடை போட்டுச்சு, ரைஸ்மில் வீட்டுக்காரங்க பாக்கி குடுக்காமலே போனாங்க, அது வேற கதை. நான் 100 தர்றேன், மதிலையும் சேத்து கட்டுங்க.
வியாசர்பாடி அத்தை

*

அத்தை, மதிலும் செலவுல சேத்தாச்சு. சித்தப்பா, சிங்கப்பூர் டாலர். ரசீது விஷயம் அப்பாகிட்ட நேர்ல பேசிக்கங்க, நான் அப்போ பத்தாவது படிச்சிட்டு இருந்தேன்.

அவசரம் என்னன்னா மரம் மண்ணுல கிடக்க கிடக்க வெளிறுல, அதான் பட்டைய ஒட்டின வெளுத்த பாகத்துல, பூச்சி ஏறும், பூஞ்சை கறை புடிக்கும், அது மழைக்காலத்துல ரொம்ப சீக்கிரம். சேகு, அதான் நடு வைரம், மட்டும் நல்லா கரும்பழுப்பா இருக்கு, அதான் நமக்கு வேணும். ரெண்டு முனையிலயும் பெயின்ட் அடிக்கச் சொல்லிட்டேன், இல்லன்னா தண்ணி முனை வழியா வேகமா வத்தி நெடுக வெடிச்சிரும். தூங்குமூஞ்சி காயும்போது அவ்வளவா சுருங்காது, பச்சையிலயே செதுக்கலாம், ஆனா ரெண்டு அங்குலப் பலகைன்னா கொட்டாய்ல ரீப்பர் வச்சு அடுக்கி ரெண்டு வருஷம் விடணும். அடுத்த திருவிழாவுக்கு கதவுன்னு யாரும் கேக்காதீங்க.

பெரிய தலைவலி ஆணி. நேர்த்திக்கடன்னு தலைமுறை தலைமுறையா அடிச்ச ஆணி, சின்ன வேல், பூட்டு எல்லாத்தையும் மரம் முழுங்கியிருக்கு. ரம்பத்துல பட்டா பல்லு தெறிக்கும், அதனால ரம்பக்காரர் கூலி ரெட்டிப்பா கேட்டார், அது நியாயம்தான். இரும்பு இருக்கிற பக்கம் கருநீலமா கறை தெரியும், அந்தத் துண்ட மட்டும் அறுக்காம பீடத்துக்கு விட்டுருவோம்னு பூசாரி அண்ணன் சொல்றார். வேர்க்கட்டைய முட்டு குடுத்து சங்கிலி போட்டு கட்டாம தண்டுல கைய வைக்கக் கூடாதுன்னும் சொல்லியாச்சு.

இன்னொண்ணு, இது தேக்கு இல்லாதது நம்ம அதிர்ஷ்டம். 1992 வனச் சட்டத்துல தேக்கு எங்க நின்னாலும் அரசாங்கத்துது, 2018ல புதுச் சட்டம் வந்தப்புறம்தான் சொந்தமா வச்ச மரத்துக்கு வழி வந்துச்சு. இருந்தாலும் லாரியில ஏத்தறதா இருந்தா வனத்துறை கேள்வி கேக்கும், அதான் அங்கயே அறுக்கணும்ங்கிறேன்.

வெள்ளிக்கிழமைக்குள்ள 20 பேராவது போடுங்க. ரைஸ்மில் வீட்டு மச்சான் இதப் படிக்கிறார்னு தெரியும்.
சிட்னி தம்பி